முப்பத்தேழாம் நம்பர் தூர்

தன்னுடைய தப்பை இன்னொருத்தர் கண்டுபிடிக்கும்வரை வைத்திருக்கத் தெரியாத மனுஷி என்று நான் ஒரே ஒருத்தியைத்தான் சந்தித்திருக்கிறேன். பேரைச் சொல்லப் போவதில்லை. உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதும் இதிலேயே வரும்.

ஒரு சாயங்காலம், நல்ல மழை. தோட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த அறை வாசலில், தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கட்டை, ஒரு மைல் தூரம் இறங்கி வர வேண்டும். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப் போனேன்.

"மிஸ், பொகக்கொடத்து மூடி கீழ விழுந்து வெடிச்சிருச்சு. நாந்தான் போட்டேன்."

புகைக்குடம் என்பது எங்கள் குளிர்க் குடுவைக்குத் தோட்டத்துச் சனம் வைத்த பேர். திறந்தால் வெள்ளையாகப் புகை எழும். உள்ளே இருக்கிற திரவம் அத்தனை குளிர், கை பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி தோல் உரிந்துவிடும். அதன் மூடியில் ஒரு ஓரமாக மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அவள் சொல்லியிருக்காவிட்டால் நான் ஒரு வருஷம் போனாலும் கவனித்திருக்க மாட்டேன்.

"இதச் சொல்லவா மழைல வந்தீங்க? காலைல பெரட்டுக்கு ஆள் கூடுறப்ப சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"காலைல வரைக்கும் அதத் தூக்கிக்கிட்டு இருக்கணுமே மிஸ்."

சொல்லிவிட்டு, வந்த மழையிலேயே திரும்பிப் போனாள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எரிச்சல்தான் வந்தது. இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. நான் தேயிலை ஆராய்ச்சி வேலையில் உதவியாளராக இருந்தேன். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற வழியில் ஒரு தோட்டம், அதன் பேரும் வேண்டாம். அதில் மேக்கணக்கு என்று சொல்கிற மேல் பிரிவில் ஒரு பழைய மலை. விதை போட்டு முளைத்த தேயிலை என்பதால் ஒரு தூர், அதாவது ஒரு செடி போல இன்னொரு தூர் இருக்காது, ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு குணம். வருஷா வருஷம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மலை பாதி காய்ந்து போகும். ஆனால் எல்லாத் தூரும் காயாது. ஏன் சிலது காய்கிறது, ஏன் சிலது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கத்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

செடியால் ஓடிப் போக முடியாது. வெயில் எரித்தாலும் பூச்சி கடித்தாலும் நின்ற இடத்தில் நின்றுதான் சமாளிக்க வேண்டும். சமாளிக்கிற வழிகள் எல்லாம் அதன் மரபணுவில் இருக்கின்றன. இருந்தால் மட்டும் போதாது, வேளைக்கு விழிக்க வேண்டும். சில தூரில் மண் காயத் தொடங்கினதுமே விழித்துக்கொள்ளும். இலையின் துளைகளை மூடும், சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், பூச்சிக்குப் பிடிக்காத கசப்பை இலைக்கு அனுப்பும். சில தூரில் எல்லாம் கருகின பிறகுதான் விழிக்கும். எது எப்போது விழித்தது என்பதை இலையை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் பறித்த அடுத்த நிமிஷமே இலை மாறத் தொடங்கிவிடும், பறிபட்ட வலியும் அதில் பதிந்துவிடும். அதனால்தான் பறித்த கையோடு புகைக்குடத்தில் போடுவோம்.

அந்த மலையில் அறுபது தூருக்குத் தகரத்தில் நம்பர் அடித்துக் கட்டியிருந்தோம். அந்த அறுபதையும் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலிருந்து கொடுத்த ஆள்தான் அவள். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொட்டுக்கொண்டு. மெலிந்த உடம்பு. கையில் கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு இலையின் அடிப்பக்கம் இருக்கிற சிவப்புப் பூச்சியை எண்ணுவாள். குண்டூசி முனையைவிடச் சின்னப் பூச்சி அது. காய்கிற தூரில்தான் அதிகமாக ஏறும். எண்ணின எண்ணிக்கையை அவள் சொல்ல, நான் எழுதுவேன்.

ஒரு நாள் காலையில் வந்ததும் சொன்னாள்: "நேத்து இருவத்திரெண்டாம் நம்பர்ல பதினொண்ணுன்னு சொன்னேன்ல மிஸ், அதுல ஒண்ணு தூசியா இருக்குமோன்னு இருக்கு. பத்துன்னு போட்டுக்கங்க."

"ஒண்ணுல என்ன வரப் போகுது?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும், என்ன வரும்னு."

லயத்தில் அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. பொய் சொல்ல வராத பைத்தியம் என்பார்கள். ஆனால் ஒன்று, அடுத்தவர் தப்பு அவள் வாயில் வராது. கொழுந்துக்குள் கல்லைப் போட்டு நிறுக்கிறவர்களையும் அவளுக்குத் தெரியும், அடுத்த வீட்டுப் பங்குத் தோட்டத்துக் கறிவேப்பிலையை ஒடிக்கிறவர்களையும் தெரியும். கேட்டால், "அத அவங்கக்கிட்டக் கேளுங்க," என்பாள். தன்னுடையதை மட்டும்தான் உடனுக்குடன் கொண்டுவந்து கொட்டுவாள்.

அவள் மாமியார் செத்து முப்பதாம் நாள் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். சின்ன வேதக் கோயில், தகரக் கூரை. பூசை முடிந்து உபதேசியார் எழுந்து நின்று, படுக்கையில் கிடந்த மாமியாரை இந்த மருமகள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று புகழ்ந்துகொண்டே போனார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் நிறுத்தினதும் இவள் எழுந்தாள். புருஷன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். உட்காரவில்லை.

"பாத்துக்கிட்டது உண்மதாங்க. ஆனா கடேசி நாளு கஞ்சி குடிக்கலன்னு ரெண்டு தடவ ஏசிப்புட்டேன். அது அதோட காதுல விழுந்துச்சு. அதையும் சேத்து எனக்கு ஜெபம் பண்ணுங்க."

உபதேசியார் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

இப்போது முப்பத்தேழாம் நம்பருக்கு வருகிறேன். அந்த வருஷம் கச்சான் கொடுமையாக அடித்தது. அறுபது தூரில் பெரும்பாலானவை மங்கிப் போய், சிலது நின்றபடியே காய்ந்தன. முப்பத்தேழு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. சிவப்புப் பூச்சியும் அதில் இல்லை. எங்கள் ஆராய்ச்சித் தலைவரை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர், ஓய்வு பெறுகிற வயது, தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசுவார். அந்தத் தூரைப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இலைகளின் முடிவு வந்தபோது ஒரு சங்கதி இடித்தது. முப்பத்தேழில் வறட்சியைச் சமாளிக்கிற எந்த மரபணுவும் விழித்திருக்கவில்லை. வறட்சி என்று ஒன்று வந்ததே அதற்குத் தெரியாத மாதிரி இருந்தது. "வேர் நல்ல ஆழம் போயிருக்கும், கீழே தண்ணி கிடைச்சிருக்கும்," என்றார் டொக்டர். சரியான பேச்சுதான். வேறு விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு.

அந்தத் தூரிலிருந்து கொப்பு வெட்டித் தவறணை என்கிற நாற்றுப் பண்ணையில் நட்டு, நாற்றாக்கி, காய்ந்து போன மலையைப் புதிதாக நடுவது என்று தோட்டத்தில் முடிவானது. அது சின்ன முடிவு இல்லை. அந்த மலை போனால் மேக்கணக்கை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. மூடினால் மேல் லயத்துச் சனம் கீழே எங்கேயோ பிரிந்து போக வேண்டும். அவள் குடும்பமும் அதில்தான்.

டொக்டர் பெரட்டுக் களத்துக்கு வந்து, சனத்தைக் கூட்டிவைத்து விளக்கினார். "கச்சான் அடிச்ச மாசம் எல்லாம் இந்தத் தூருக்கு மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆனாலும் நின்னது. அதோட பிள்ளைகளும் நிக்கும்." சனம் கை தட்டியது. அவள் கை தட்டாமல் நின்றதை நான் பார்த்தேன்.

மத்தியானம் என்னைத் தேடி வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மிஸ், அந்தத் தூருக்கு நான் தண்ணி ஊத்தினேன்."

எனக்கு விளங்கவில்லை. வளர்ந்த தேயிலைக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? கவ்வாத்து வெட்டக் கூடாது, உரம் போடக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, கொழுந்து கிள்ளக் கூடாது என்று அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தோம். தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

அவள் சொன்னது இதுதான். கச்சான் மாதங்களில் அந்தப் பக்கத்து ஊற்றுப் பீலியில் தண்ணீர் வராது. பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கிற பொம்பளைகளுக்காக அவள் கீழேயிருந்து பெரிய கேனில் குடிதண்ணீர் சுமந்து வருவாள். அது அவள் வேலை இல்லை, தாகத்தில் தவிக்கிறார்களே என்று செய்தது. எல்லோரும் ஒரு பெரிய கல்லடியில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவார்கள், கையலம்புவார்கள், மிச்சத்தை இவள் பக்கத்துத் தூரில் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு இறங்குவாள். தோட்டத்தில் மிச்சத் தண்ணீரைப் பாதையில் கொட்ட மாட்டார்கள், திரும்பச் சுமந்து போகவும் மாட்டார்கள். ஏதாவது ஒரு தூரடியில் ஊற்றுவார்கள். அது காலங்காலமான பழக்கம், கையே செய்துவிடும். கல்லடிக்குப் பக்கத்தில் இருந்தது முப்பத்தேழு.

"தெனமுமா?"

"தெனமும் மிஸ். சில நாளு அரக் கேன் இருக்கும். தண்ணி ஊத்துறேன்னு நெனச்சு ஊத்தல. கொட்டுறேன்னு நெனச்சேன். டொக்டர் ஒரு சொட்டும் இல்லன்னாருல்ல, அப்பத்தான் ஒறச்சுது."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"எனக்கு அவருக்கிட்டச் சரியா வெளங்கச் சொல்ல வராது. நீங்க சொல்லிருங்க. நட முந்தியே சொல்லணும் மிஸ், நட்டா சனம் பாழாப் போயிரும்."

"சரி, நான் சொல்லிக்கிறேன்," என்றேன்.

அவள் போன பிறகு காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என்று தனியாகத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த செடிகளின் முடிவும் என்னிடம் இருந்தது. அதையும் முப்பத்தேழையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றுதான். இலை தன்னுடைய நிலைமையை ஒளிக்காமல் சொல்லியிருந்தது, நாங்கள்தான் வேறு மாதிரி வாசித்திருந்தோம்.

எனக்கு அப்போது ஒப்பந்த வேலை. முப்பத்தேழை நம்பித்தான் அடுத்த மூன்று வருஷத்துக்கு வேலையை நீட்டித்தார்கள். டொக்டர் அறிக்கை எழுதி அனுப்பியாகிவிட்டது. என் மகள் பதுளையில் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் காரணமா என்றால், காரணம்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை அந்தத் தூர் உண்மையிலேயே நல்ல தூராகவும் இருக்கலாம், தண்ணீர் ஊற்றினது சும்மா தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் சொன்னால் நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்த கிழமை அவள் கேட்டாள். "சொல்லிட்டீங்களா மிஸ்?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"வேற பரிசோதனையும் பாத்துத்தான் முடிவு எடுத்தாங்களாம். அந்தத் தண்ணியால ஒண்ணும் இல்லன்னாரு."

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ரெண்டு மூணு நாளா தூங்கல மிஸ்," என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் தேத்தண்ணி குடித்தேன். குடித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த நாற்றுகளை அவளைப் போல யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. தவறணையில் ஒரு வருஷம். மழை தொடங்கினதும் மலைக்குக் கொண்டுபோய் நட்டபோது முதல் குழி அவள் வெட்டினாள். முதல் கச்சானில் நாற்று கொஞ்சம் தளர்ந்தது, சின்னச் செடிதானே என்று விட்டார்கள். அடுத்த கச்சான் பொல்லாதது. இலை சிவந்து, சிவப்புப் பூச்சி ஏறி, மலை முழுக்க ஒரே மாதிரி காய்ந்தது. விதைத் தேயிலையாக இருந்தால் பத்துக்கு நாலாவது நின்றிருக்கும். இது எல்லாம் ஒரே தூரின் பிள்ளைகள், அதனால் ஒன்றுபோலப் போயிற்று.

டொக்டர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் கேள்விப்பட்டு வந்தார். நானும் கூடப் போனேன். காய்ந்த செடியை ஒன்று பிடுங்கி வேரைப் பார்த்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். சனம் சுற்றி நின்றது. கோபமாக யாரும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு விளங்கல்ல," என்றார் அவர். "தண்ணி இல்லாம நின்ன தூர். அதோட பிள்ளை ஏன் நிக்கல்ல?"

கூட்டத்திலிருந்து அவள் முன்னுக்கு வந்தாள்.

"ஐயா, அது தண்ணி இல்லாம நிக்கல. நான் தெனமும் ஊத்தினேன். அன்னைக்கே மிஸ் உங்கக்கிட்ட..."

அங்கே என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது. டொக்டரும் என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"மிஸ் எங்கிட்ட என்ன?" என்று கேட்டார்.

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"மிஸ் உங்கக்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க ஐயா, ஏதாவது சொல்லணும்னா. நாந்தான் போகல. பயந்துக்கிட்டு மறச்சிட்டேன். மிஸ்ஸுக்கும் சொல்லல."

சனத்துக்குள் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். டொக்டர் அவளை ஏசவில்லை. "நீ சொல்லியிருந்தா போதுமே," என்று மட்டும் சொன்னார், திரும்பத் திரும்ப. நான் அவருக்குப் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது. திறக்கவில்லை.

கீழே இறங்குகிற பாதையில் அவளைப் பிடித்தேன். அழுதுகொண்டே ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் நிற்காமல் நடந்தாள்.

"உங்களுக்காகச் சொல்லல. அந்த மனுசன் மண்ணுல குந்தி வேரப் பாத்துக்கிட்டு இருக்காரு. நானும் ஏமாத்திட்டேன், நீங்களும் ஏமாத்திட்டீங்கன்னா அவரு யார நம்பித்தான் இத்தன வருசம் வேல செஞ்சாரு? ஒரு ஆளோட போகட்டும்."

மேக்கணக்கை மூடினார்கள். மலையைக் கெடுத்தவள் என்ற பேர் அவளுக்கு வந்தது. தண்ணி ஊத்தினவள் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தன்னுடைய தப்பை மழையில் நனைந்துகொண்டு வந்து சொன்னவளைத் தப்பை மறைத்தவள் என்று ஊரே பேசியது. அவள் மறுத்து ஒரு சொல் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அவளும் புருஷனும் வெலிமடைப் பக்கம் யாரோ ஒருத்தரின் லீக்ஸ் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது.

இந்த வருஷம் வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்கு வருகிற பஸ்ஸில் ஏறினேன். காலி இருக்கை ஒன்றுதான். பக்கத்தில் அவள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த பையை இழுத்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். பாதி வழி தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

"சொகமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கோங்க."

"நான் டொக்டருக்கு எழுதப் போறேன். நடந்தது எல்லாத்தையும். நீங்க எங்கிட்டச் சொன்னது, நான் சொல்லாம விட்டது, எல்லாம். இந்தக் கிழமையே எழுதுறேன். எழுதிட்டு உங்களுக்கு வந்து சொல்றேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"எழுதுங்க மிஸ். ஆனா எழுதிட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. நீங்க சொன்னா நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பண்டாரவளையில் அவள் இறங்கிப் போனாள். அடுத்த நாள் காலையில் டொக்டருக்கு எழுதித் தபாலில் போட்டேன். போட்டேன் என்று இங்கே எழுதுகிறேன்.